நாகேந்திரத்தின் மரதன் கொப்பி

வெள்ளவத்தையில் தமிழர் ஓடுவதில்லை. பஸ்ஸைத் தவறவிடுவதானாலும் நடந்துபோய்த்தான் தவறவிடுவார்கள். யுத்தம் நடந்த தொண்ணூற்றெட்டாம் ஆண்டில், கொழும்பின் காலி வீதியில் ஒரு தமிழன் ஓடினால், காவலுக்கு நிற்பவன் மனதில் 'ஏன் ஓடுகிறான்' என்ற கேள்வி எழுவதில்லை. நேரே பதில்தான் எழும். அப்படியான காலத்தில், ஐம்பத்துநாலு வயதில், சிறு தொப்பையோடு, கப்பல் கம்பனி கிளாக்கர் நாகேந்திரம் மரதன் ஓடப் புறப்பட்டார்.

காரணத்தை அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. அவருடைய மனைவி சரோஜினிதேவிக்கு மார்பில் புற்றுநோய். மாதம் இருமுறை இருவரும் மகரகம ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார்கள். கொழும்புத் தமிழருக்கு அந்த ஊரின் பெயரே போதும், நோயின் பெயர் தேவையில்லை. ஆகவே வெள்ளவத்தையில் மகரகம பஸ் ஏறாமல், மருதானைக்குப் போய் அங்கிருந்து பஸ் மாறினார்கள். கேட்டவர்களுக்குக் கண் டொக்டர் என்றார்கள். சரோஜினிதேவியின் கண்கள் கடைசிவரை மிக நல்ல கண்கள்.

இத்தனை ஒளிப்பும் மகள் சிவரூபிக்காக. லண்டனில் கணக்காளராக இருந்த ஒரு பையனைப் பேசி முடித்திருந்தது. பையனின் தாய்மாமன் கதிர்காமநாதன், ஓய்வுபெற்ற நில அளவையாளர், பக்கத்துத் தொடர்மாடியிலேயே இருந்தார். சாதகக் குறிப்புப் பார்த்ததில் பத்துக்கு எட்டுப் பொருத்தம். கலியாணம் மார்கழிக்கு முன். தாய்க்கு வந்த வருத்தம் மகளுக்கும் வரும் என்று நம்புகிறவர்கள் அவர்கள். அதாவது எல்லாரையும் போன்றவர்கள்.

"தாலி ஏறுமட்டும் எனக்கு ஒண்டுமில்லை. விளங்கிச்சுதோ?" என்று சரோஜினிதேவி சொல்லியிருந்தார். நாகேந்திரத்துக்கு விளங்கியது. ஆனால் டொக்டர் சொன்னதும் விளங்கியது: இனி இந்த வருத்தத்துக்கு ஆராய்ச்சிதான் பதில் சொல்லவேண்டும். கிளாக்கர் அதைக் கிளாக்கராகவே எடுத்துக்கொண்டார். பதில் வராத கடிதமென்றால் ஆள் போய் அலுவல் பார்க்கவேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் அவர் கந்தோர் தட்டச்சாளர், கொட்டாஞ்சேனை டோரின், தாயைப் புற்றுநோய்க்குக் கொடுத்தவள், ஆராய்ச்சி நிதிக்கு மரதன் என்று ஒரு தாளோடு வந்தாள். ஓடுகிறவர் முதுகில் ஒரு துணி குத்தவேண்டும். அதில் 'யாருக்காக' என்று அச்சடித்து, கீழே பெயருக்கு இடம் விட்டிருந்தது. நாகேந்திரம் ஓடுவதற்குத் தன் பெயரைக் கொடுத்தார். துணியில் ஒரு பெயரும் எழுதாமல் வெறுமையாக வாங்கினார். கேட்டதற்கு, உடம்புக்கு நல்லதென்று ஓடுவதாகச் சொன்னார்.

நாகேந்திரத்திடம் ஊர் மெச்சிய குணம் ஒன்று இருந்தது. முத்துமுத்தான கையெழுத்தில் எதையும் எழுதிவைப்பார். மழை, மின்வெட்டு, மீன்காரன் வராத நாள், எல்லாம் எழுத்தில் இருக்கும். பயிற்சிக்கும் ஒரு சின்னக் கொப்பி வாங்கினார். ஓட்டக்காரனுக்கு எல்லைக்கல் தேவை. காலி வீதியில் அந்தக் காலத்தில் ஒழுங்கான இடைவெளியில் நின்றவை சோதனைச் சாவடிகள் மட்டுமே. ஆகவே அவர் எழுதினார்: 'முதலாம் சாவடி, 5.42. இரண்டாம் சாவடி, 5.51; இரண்டு பேர் காவல். மூன்றாம் சாவடி, 6.03, ஆள் மாற்றம், அஞ்சு நிமிசம் மறிச்சவை.' பாதைக்கு ஒரு படமும் கீறினார். ஒவ்வொரு நாளின் கீழும், கோடு போட்டு, வீட்டுச் செய்தி: 'சரோ இரவு நித்திரையில்லை. சரோ கஞ்சி குடிச்சது. சரோவுக்கு மற்றப் பக்கமும் கட்டி எண்டு டொக்டர்.'

அடையாள அட்டை வியர்வையில் நனையாமலிருக்க அதைக் கொப்பிக்குள் வைத்தார். ஓட்டத்தன்று விடியற்காலை, ஓட்டம் தொடங்கும் காலிமுகத்திடலுக்குப் போகும் வழியில், மூன்றாம் சாவடியில் ஒரு புது சார்ஜன்ட் அட்டை கேட்டார். கீழ்ப்படிவுள்ள நாகேந்திரம் அட்டையைக் கொப்பியோடு சேர்த்தே நீட்டினார்.

சார்ஜன்டுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இலக்கங்களும் படமும் எல்லா மொழியிலும் ஒன்றுதான். ஏழு மணிக்கு, டோரினும் மற்றவர்களும் கடலோரம் ஓடத் தொடங்கியபோது, நாகேந்திரம் அரைக் காற்சட்டையோடு பொலிஸ் நிலையத்து மர வாங்கில் குந்தியிருந்தார்.

செய்தி கேட்ட சரோஜினிதேவி பெரிய மனிதர் ஒருவரை அனுப்ப நினைத்தார். நல்ல சிங்களமும் நல்ல வெள்ளைச் சேட்டும் உடைய சம்பந்தி வீட்டுக்காரரைவிட வேறு யார்? கதிர்காமநாதன் உடனே வந்தார். வந்தவர் உரிமையோடு, இவர் கண்ணியமான மனிதர், எங்கள் வீட்டுச் சம்பந்தமாகப் போகிறவர் என்று பிணை சொன்னார். பொறுப்பதிகாரிக்கு மகிழ்ச்சி. எழுதியவர் சொல்வதை ஏற்கமுடியாது, அப்படியானால் நீங்களே இந்தக் கொப்பியை ஒரு வரி விடாமல் வாசித்துச் சிங்களத்தில் சொல்லுங்கள் என்றார்.

நாகேந்திரம் வாங்கிலிருந்து எழும்பினார்.

"வேண்டாம் அண்ணை, வாசிக்காதேங்கோ."

"என்ன ஐசே, விசர்க் கதை கதைக்கிறீர்? வாசிச்சால்தானே விடுவாங்கள்."

அதற்குப் பிறகு நாகேந்திரம் செய்ததை அந்த நிலையம் அதற்குமுன் கண்டிருக்காது. எதை வேண்டுமானாலும் எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன் என்று பொறுப்பதிகாரியிடம் சிங்களத்தில் கெஞ்சினார். அது மடமை அல்ல. தகப்பன் சிறையில் என்றால் லண்டனில் அது ஒரு தகுதி, விசாவுக்கும் உதவும். தாய் மகரகமவில் என்றால் எந்த நாட்டிலும் குறைதான்.

ஆனால் இப்படிக் கெஞ்சுகிறவனின் கொப்பியை எந்தப் பொலிஸ்காரன் வாசிக்காமல் விடுவான்? கதிர்காமநாதன் கண்ணாடியை மாட்டி, அளவையாளரின் நிதானத்தோடு, சாவடி சாவடியாக மொழிபெயர்த்தார். முதல் பக்கத்தில் அவர் குரல் தெளிவாக இருந்தது. மூன்றாம் பக்கத்திலும் 'சரோ' வந்தபோது ஒரு தரம் நின்று நாகேந்திரத்தைப் பார்த்தார். பிறகு பார்க்கவில்லை. மற்றப் பக்கத்துக் கட்டியையும் திருத்தமான சிங்களத்தில் சொல்லிமுடித்து, கொப்பியை மூடினார்.

பொறுப்பதிகாரி தொப்பியைக் கழற்றினார். தன் தமக்கையும் இதே வருத்தத்தில் போனவள் என்றார். தேத்தண்ணி வரவழைத்தார். ஓட்டம் முடிந்திருக்குமே என்று வருந்தினார். அன்று நாகேந்திரத்திடம் இரக்கம் காட்டியவர் அவர் ஒருவரே.

திரும்பும் வழியில் திறீவீலருக்குள் கதிர்காமநாதன் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார். வெள்ளவத்தைச் சந்தியில்தான் வாய் திறந்தார்.

"குறிப்பை ஒருக்கால் திருப்பிப் பாக்கவேணும் போல கிடக்கு."

மூன்றாம் நாள் சிவரூபியின் குறிப்பு மஞ்சள் பூசியபடியே திரும்பி வந்தது. எட்டுப் பொருத்தம் இப்போது மூன்றுதானாம். சனமே இடம்பெயர்ந்துகொண்டிருந்த காலம், கிரகங்களும் இடம்பெயர்ந்திருக்கலாம். சிவரூபி அழவில்லை. அப்பாவோடு கதைப்பதை நிறுத்திக்கொண்டாள். சரோஜினிதேவி கொப்பியைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார்.

"கையெழுத்து வடிவெண்டுதானே உங்களை எனக்குப் பேசினவை" என்றார்.

கொப்பியை மூடி அவர் கையில் கொடுத்தார். தைப்பொங்கலுக்கு முந்தின வாரம் சரோஜினிதேவி இறந்துபோனார். கதிர்காமநாதன் செத்தவீட்டுக்கு வந்து, கடைசிவரை நின்று, எல்லாவற்றையும் முன்னின்று செய்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்த வருட மரதனுக்கு நாகேந்திரம் மறுபடியும் பெயர் கொடுத்தார். 'யாருக்காக' என்பதன் கீழே, முத்துமுத்தாக, சரோஜினிதேவி என்று தமிழில் எழுதினார். மூன்றாம் சாவடியில் ஓட்டத்தின் நடுவில் மறித்தார்கள். முதுகில் தமிழெழுத்து, அது என்னவென்று தெரியவேண்டும். மற்றவர்கள் கடந்து போனார்கள்.

"மனைவியின் பெயர். புற்றுநோயில் செத்துவிட்டாள்" என்று சிங்களத்தில் சொன்னார், தெருவுக்கே கேட்கும்படி. போகச் சொன்னார்கள். கடைசியாய் வந்து சேர்ந்தபோது டோரின் மட்டும் ஒரு தண்ணீர்ப் போத்தலோடு நின்றாள். சிவரூபி வரவில்லை.