சால்வையைக் கழற்றிவிட்டுக் கயிற்றைப் பிடிக்கவும்

என் மனைவியின் அண்ணனுக்கு, பிரெஞ்சுத் தலைநகரில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ஒரு பலசரக்குக் கடை இருந்தது. அதனால் உலகத்தில் தனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார். 2012இல் ஜூரா மலைப்பக்கம் ஒரு பழைய வீட்டை வாங்கினார். வீட்டுக்குப் பின்னால் ஒரு சரிவு. பனிக்காலத்தில் குடும்பத்துப் பிள்ளைகள் அதில் சறுக்கிக்கொண்டு வருவார்கள், பிறகு பலகைகளைத் தோளில் போட்டுக்கொண்டு மூச்சுவாங்க ஏறுவார்கள். அதைப் பார்த்த மச்சானுக்கு யோசனை உதித்தது. சறுக்குகிறவர்களை மேலே இழுத்துப்போக, சொந்தமாக ஒரு ஸ்கீ லிஃப்ட்.

"நீர் லிஃப்ட் திருத்திறனீர்தானே, இதையும் ஒருக்காச் செய்துவிடும்" என்றார் கடையில், முருங்கைக்காய்ப் பெட்டியைப் பிரித்தபடி.

நான் மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பராமரிக்கிறவன். பதினைந்து வருடமாக அந்தக் குடும்பத்தில் என் வேலையை யாரும் வேலையாக மதித்ததில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் "தங்கச்சியின்ரை மனிசன்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். தேவை வந்ததும் தொழில் ஞாபகம் வந்திருக்கிறது.

பிள்ளைகளுக்காகத்தான் ஒத்துக்கொண்டேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். பாதி உண்மை. மற்றப் பாதி, அந்த மனிதர் ஒரு நாளாவது நாலு பேர் முன்னால் என்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்ற ஆசை. அப்படிப்பட்ட ஆளின் வாயிலிருந்து அதை எதிர்பார்த்ததை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

மேலே ஒரு சில்லு, கீழே ஒரு சில்லு, இரண்டு சக்கரங்களையும் சுற்றி ஓடும் ஒரு கயிறு, சுற்றுவதற்கு ஒரு மோட்டார். கயிற்றைப் பிடித்துக்கொண்டால் நின்ற நிலையிலேயே மேலே இழுத்துப்போகும். உச்சியில் கையை விட வேண்டும், அவ்வளவுதான். மச்சான் முதலில் அரிசி மூட்டை கட்டும் நைலோன் கயிற்றைக் கொண்டுவந்து போட்டார்.

"உது காணாதோ?"

"காணாது. ஆள் பாரத்துக்கு அறுந்துபோம்."

அடுத்ததாக வேகம். "நடக்கிற வேகத்திலை போறதுக்கு ஏன் காணும் ஒரு லிஃப்ட்? நீர் எல்லாத்துக்கும் பயப்பிடுறீர்."

கடைக்குப் பக்கத்துத் தெருவான ரூ லூயி-பிளாங்கில் தேநீரை உறிஞ்சிக்கொண்டே, வாழ்நாளில் ஸ்கீ பலகையைத் தொட்டறியாதவர்களும் எனக்கு ஆலோசனை சொன்னார்கள். ஒருவர் மோட்டாருக்கு மேலே சுவாமிப் படம் மாட்டச் சொன்னார். பாதுகாப்புக்காம்.

நான் என் பாட்டில் செய்தேன். சில்லுகளுக்குக் கம்பிவலைக் கூடு போட்டேன். உச்சியில், கைவிட வேண்டிய இடத்தைத் தாண்டி, இடுப்பு உயரத்தில் குறுக்கே ஒரு மெல்லிய கம்பி. கைவிட மறந்தவன் அதில் முட்டினால் மோட்டார் நின்றுவிடும். கீழே ஒரு சிவப்புப் பொத்தான், அதன் பக்கத்தில் எப்போதும் ஓர் ஆள். அந்தப் பொறுப்பை மனைவிக்குக் கொடுத்து, ஏறுகிறவர்மேல் வைத்த கண்ணை எடுக்கக்கூடாது என்று பத்துத் தடவை சொன்னேன். "ஓம், ஓம், விளங்குது" என்றாள்.

கடைசியாக ஒரு பலகையில் தமிழிலும் பிரெஞ்சிலும் கொட்டை எழுத்தில் எழுதினேன். சால்வை, துப்பட்டா, அவிழ்ந்த முடி எதுவும் கூடாது. கழற்றிவிட்டுக் கயிற்றைப் பிடிக்கவும். ஓடுகிற கயிறு முறுகிக்கொண்டே போகும், தொங்கும் துணி பட்டால் சுற்றி எடுத்துவிடும். எழுதும்போதே தெரியும், எங்கள் சனம் வாசிக்காது. வதிவிட அனுமதிக்கான பிரிஃபெக்சர் படிவத்திலேயே வாசிக்காமல் கையெழுத்து வைக்கிற ஆட்கள்.

திறப்பு நாளில் சொந்தக்காரர்கள் புறநகர்களான ஓல்னேயிலிருந்தும் பிளாங்-மெனிலிலிருந்தும் வந்து இறங்கினார்கள். சேலைக்கு மேல் தடித்த ஜக்கெட், கழுத்தைச் சுற்றிக் கம்பளிச் சால்வை. நல்ல நேரம் பார்த்து மச்சான் தேங்காயை ஓங்கி எறிந்தார். அது உடையாமல் பனிக்குள் புதைந்துபோக, ஆளுக்கொரு பக்கமாகத் தோண்டித் தேடினார்கள். நான் ஓரமாக நின்று ஒவ்வொருவரையும் மனதுக்குள் கிழித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு மச்சான் தொண்டையைச் செருமினார்.

"இதைச் செய்தது இவர்தான். பதினைஞ்சு வருசமா லிஃப்ட் வேலையிலை இருக்கிறார். இவர் இல்லாட்டி இது இல்லை."

சொல்லிவிட்டுச் சரிகைக் கரை வைத்த பொன்னாடையை என் தோளில் போர்த்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது.

"முதல் நீர்தான் போகவேணும்" என்றார்.

போனேன். பொன்னாடை நழுவிவிடாமல் கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, படம் எடுக்கிறார்களே என்று நுனியை முன்னுக்கு இழுத்துவிட்டுக்கொண்டு போனேன்.

பாதி வழியில் நுனி கயிற்றில் சுற்றியதை நான் கவனிக்கவில்லை. உச்சியில் கையை விட்டேன். கயிறு என்னை விடவில்லை. கழுத்து இறுகி, முகங்குப்புற விழுந்து இழுபட்டேன். என் கம்பி இடுப்பு உயரத்தில் இருந்தது. விழுந்து இழுபடுகிறவன் அதற்குக் கீழால் போவான் என்று நான் யோசித்திருக்கவில்லை. சில்லு கிட்ட வந்தது. கத்தக் குரல் வரவில்லை.

கயிறு நின்றது. மனைவி பொத்தானை அழுத்தியிருந்தாள்.

முதலில் ஓடிவந்தவர் மச்சான், பனியில் விழுந்து எழும்பி. பேனாக்கத்தியால் பொன்னாடையை அறுத்தார். "ஒண்டுமில்லை மச்சான், ஒண்டுமில்லை" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

கீழே வந்தபோது மனைவி பொத்தானிலிருந்து இன்னும் கையை எடுக்கவில்லை.

"நீங்கள் எழுதினதை நீங்கள் வாசிக்கேல்லையோ?"

மற்றவர்களைப் பார்த்தேன். அறிவிப்புப் பலகைக்கு முன்னால், ஏறுவதற்காக வரிசையில் நின்றார்கள். கம்பளிச் சால்வைகளை மடித்துக் கையில் வைத்திருந்தார்கள். பெண்கள் பின்னலைத் தொப்பிக்குள் செருகியிருந்தார்கள். ஒருவருடைய கழுத்திலும் ஒன்றும் இல்லை.