கண்ணாடிக்கு உள்ளே ஒரு பொட்டு

என் மேசை லாச்சியில் ஒரு பழைய பிலிம் டப்பா இருக்கிறது. உள்ளே பிலிம் இல்லை, ஒரு பஞ்சுக் குச்சிதான் இருக்கிறது. அதன் ஒரு முனை வெள்ளை. மறுமுனை, பென்சில் எழுத்தை விரலால் தேய்த்தது போலச் சாம்பல் நிறம். வீட்டை ஒழுங்குபடுத்தும்போதெல்லாம் அது என் கையில் அகப்படும். ஒரு கணம் திறந்து பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிடுவேன். என்னைப் போன்ற சுத்தப் பைத்தியம் இத்தனை வருடமாக ஓர் அழுக்குப் பஞ்சைக் கட்டிக் காப்பது என் தங்கைக்குப் பெரிய வேடிக்கை. அவளுக்கு வத்தேகம அம்மாவைத் தெரியாது.

போர்நிறுத்தம் என்று பேருக்கு ஒன்று இருந்த காலம் அது. கண்டி டவுனில், ஒரு மருந்துக் கடையின் மேல்மாடியில், பழைய படங்களையும் காகிதங்களையும் கொம்பியூட்டரில் ஏற்றிப் பாதுகாக்கும் சின்ன அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தேன். மேசையில் படுக்கையாகக் கிடக்கும் ஒரு ஸ்கேனர், அதன் மூடியில் நெகட்டிவுக்கென்று ஒரு விளக்கு. கண்ணாடியில் நெகட்டிவை வைத்து மூடினால் விளக்கு ஓர் அந்தத்திலிருந்து மறு அந்தத்துக்கு மெல்ல ஊர்ந்து போகும். திரையில் முகம் மேலிருந்து வரி வரியாக இறங்கும். முதலில் முடி, பிறகு நெற்றி, அதற்குப் பிறகுதான் கண். கண் வரும்வரை அது யாருடைய நெற்றியாகவும் இருக்கலாம். அந்த இடைவெளி எனக்குப் பழகவே இல்லை. கண் திறந்ததும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் திடுக்கிடுவேன்.

எங்களுக்கு வந்து சேர்ந்த நெகட்டிவ்கள் பெரும்பாலும் ஒரே ஸ்டூடியோவினுடையவை. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் அந்த ஸ்டூடியோவின் முன்பக்கம் எரிந்து போனது. கெமராவும் போனது, ஆட்களின் பெயர் எழுதிய ரெஜிஸ்டரும் போனது. பின்னறையில் பிஸ்கட் டின்களுக்குள் இருந்த நெகட்டிவ்கள் மட்டும் சூட்டிலும் தண்ணீரிலும் அரைகுறையாகத் தப்பின. ஸ்டூடியோவை வைத்திருந்தவர் ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவர். நாங்கள் அவரை ஐயா என்போம். கடை போனபின் கெலிஓயாவில் மகளோடு ஒதுங்கி, அந்த டின்களைக் கட்டிலுக்கடியில் வைத்திருந்து, கடைசியில் எங்களிடம் கொடுத்தார்.

சுத்தம் சோறு போடும் என்பது எங்கள் அம்மாவின் வேதவாக்கு. நான் ஒவ்வொரு நெகட்டிவையும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் இரண்டு பக்கமும் துடைத்து, பளிச்சென்று ஆக்கித்தான் கண்ணாடியில் வைப்பேன். பஞ்சு சாம்பலாகும். இருபது வருடப் புகைக்கரி என்று நினைத்து, என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொள்வேன். ஒரு நாள் ஐயா வேலையைப் பார்க்க வந்தார். திரையில் ஓர் இளம் பெண்ணின் முகம் இறங்கி முடிந்திருந்தது. குனிந்து பார்த்தவர் நிமிரவே இல்லை.

“பிள்ளை, இந்தப் பொம்பிளைக்குப் பொட்டு எப்பிடி வந்தது?”

“இருந்ததுதானே ஐயா.”

“இல்லை. அதை நான் எடுத்தனான்.”

நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். நெற்றியில் கறுப்பாக இருக்கும் பொட்டு அங்கே வெளிச்சம் புகும் ஓட்டையாக இருக்கும். அந்த ஓட்டையைக் கூரான பென்சிலால் புள்ளி புள்ளியாக அடைத்துவிட்டால், படத்தில் நெற்றி வெறுமையாகிவிடும். எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகு, அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்த பெண்களில் பலர் அதைக் கேட்டிருக்கிறார்கள். உள்ளே வைத்துக் கேட்க மாட்டார்களாம். “படமெல்லாம் எடுத்து முடிஞ்சு, வாசலுக்குப் போய், திரும்பி வந்து மெல்லமாச் சொல்லுவினம், அந்தப் பொட்டை மட்டும் எடுத்துடுங்கய்யா எண்டு. அதுக்குக் காசு வாங்கிறேல்லை” என்றார் ஐயா. நான் புகைக்கரி என்று துடைத்துத் தள்ளியது அந்தப் பென்சிலைத்தான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்திருந்தது. பயந்து பயந்து மறைத்துக்கொண்டு போனவர்களை ஒவ்வொருத்தியாகப் பிடித்து, நெற்றியில் மறுபடி அடையாளம் வைத்து உட்கார்த்தி வைத்திருந்தேன்.

அந்தப் பயம் எனக்குப் புதிதும் அல்ல. நானும் அந்நாட்களில் பஸ் ஏறுமுன் ஸ்டிக்கர் பொட்டை உரித்துக் கைக்கடிகாரப் பட்டியின் உட்பக்கம் ஒட்டிக்கொள்வேன். அலுவலகப் படியில் ஏறும்போது அது மறுபடி நெற்றிக்கு வரும். வேர்வையில் பசை போய், மத்தியானத்துக்குள் எங்காவது விழுந்துவிடும். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. குடை எடுத்துப் போவது போல ஒரு பழக்கம், அவ்வளவுதான்.

ஐயா என்னைத் திட்டவில்லை. “அப்ப, மறைச்ச பொட்டைத் திரும்ப எடுக்கலாம்” என்று தனக்குத்தானே சொன்னார். அடுத்த கிழமை அவர் அனுப்பி ஓர் அம்மா வந்தார். அவர்தான் வத்தேகம அம்மா. வத்தேகம ஊர்ச் சந்தையில் மரக்கறி விற்பவர், கணவர் இல்லாதவர். மடித்த சேலைத் துணிக்குள்ளிருந்து சட்டம் போட்ட ஒரு படத்தை எடுத்து என் மேசையில் வைத்தார். பதினெட்டு வயது மதிக்கத்தக்க பெண். கூர்மையான பார்வை, வெறும் நெற்றி. கண்டியில் ஒரு புடவைக் கடையில் வேலை பார்த்த அவருடைய மகள். எண்பத்து மூன்றில் கலவரம் தொடங்கிய அன்று கடையை இழுத்து மூடியதும் வத்தேகம பஸ் ஏறினவள், வீட்டுக்கு வரவில்லை.

“இதுல பொட்டில்ல மிஸ். அவ பொட்டோடதான் ஒக்காந்தா. நாந்தான் திரும்பிப் போயி ஐயாகிட்ட எடுக்கச் சொன்னேன். படத்தப் பார்த்துட்டு ரெண்டு நாளு எங்கூட பேசல. எம் மூஞ்சிய எதுக்கு அழிச்சீங்கன்னு கேட்டா.”

நம் வீடுகளில் சுவரில் மாட்டிய படத்துக்கு, அதன் கண்ணாடி மேல், சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம் என்றால் அந்தப் படத்தில் இருப்பவர் செத்துப்போனார் என்று அர்த்தம். வத்தேகம அம்மா அந்தக் கண்ணாடியை இருபது வருடமாக வெறுமையாகவே துடைத்து வந்திருக்கிறார். வைத்தால் மகள் இல்லை என்றாகும். வைக்காவிட்டால், கல்யாணமாகாத பெண் வெறும் நெற்றியோடு சுவரில் நிற்பாள். “வெறும் நெத்தியா இருக்க அந்த வூட்டுல நா ஒருத்தி போதாதா மிஸ்?” என்றார். கண்ணாடிக்கு மேலே கூடாது, உள்ளே பொட்டு வேண்டும். அவர் கேட்டது அது மட்டும்தான்.

நான் சும்மா இராமல், அதற்கென்ன, கொம்பியூட்டரிலேயே ஒரு பொட்டு வைத்துத் தருகிறேன் என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்றும் சுடுகிறது. “அது நீங்க வைக்கிற பொட்டு மிஸ். எனக்கு அவ வச்சதுதான் வேணும்.”

ரெஜிஸ்டர் எரிந்துவிட்டதால் தேடுவதற்கு ஒரே வழி, எல்லா முகத்தையும் பார்ப்பது. அவர் செவ்வாய்க்கிழமை தோறும் சந்தை வேலையை யாரிடமோ விட்டுவிட்டு வருவார். என் பக்கத்தில் ஒரு கதிரையில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருவார். நான் துடைப்பதை நிறுத்தியிருந்தேன். நெகட்டிவை ஊதி, அப்படியே வைத்து, மூடுவேன். நெற்றி இறங்கும்போது அவர் மூச்சு நின்றுவிடும், கண் வந்ததும் “இல்ல” என்பார். அதோடு விடமாட்டார். “இது யாரு பெத்த புள்ளயோ, நல்லா இருக்கணும்” என்று ஒவ்வொரு முகத்துக்கும் சொல்வார். சில முகங்களுக்கு மட்டும் ஒன்றும் சொல்லாமல் என் பக்கம் திரும்புவார். அவர்களை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதும், அவர்கள் எங்கே போனார்கள் என்பதும் கேட்காமலே எனக்குப் புரியும். மத்தியானத்தில் மழை இருட்டிக்கொண்டு வந்தால், அந்த அறையில் ஸ்கேனர் வெளிச்சத்தையும் திரையில் இருப்பவர்களையும் தவிர வேறு யாரும் இல்லாதது போல இருக்கும். எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

மகள் வந்த அன்று, கண் இறங்கும்வரை அவர் காத்திருக்கவில்லை. முடியின் வகிட்டிலேயே “நிப்பாட்டுங்க” என்றார். அதை நிறுத்த முடியாது. இருவருமாக அது மெல்ல இறங்கி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம். வெறும் நெற்றிதான். நெகட்டிவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். நெற்றியில் அரிசி அளவுக்குப் பென்சில் புள்ளிகள். ஆனால் தீயின் சூட்டில், உருவம் பதிந்த படலம் அங்கேதான் வெடித்துக் கிளம்பியிருந்தது. கெலிஓயாவிலிருந்து ஐயாவை வரவழைத்தோம். அவர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

“தொடாதேங்கோ. தோல் உரியிற மாதிரி நிக்குது. துடைச்சா நெத்தியோட வந்திடும்.”

“நெத்தியே போனாலும் போவட்டும் ஐயா” என்றார் வத்தேகம அம்மா. “பொய் நெத்திதான் வீட்டுல ஒண்ணு இருக்கே.”

ஐயாவின் கை நடுங்கும், அதனால் குச்சி என் கைக்கு வந்தது. ஸ்பிரிட்டைத் தொட்டு, ஓரத்தில் ஒற்றி எடுத்துவிட்டு, தேய்க்காமல் தொட்டுத் தொட்டு எடுத்தேன். குழந்தையின் நெற்றியில் காய்ச்சலுக்குப் பற்றுப் போடுவது போல. பஞ்சு சாம்பலாயிற்று. படலத்தின் ஒரு சின்னச் சில்லு குச்சியோடு வந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. மேலே பார்க்கத் தைரியம் இல்லாமல் நெகட்டிவைக் கண்ணாடியில் வைத்து மூடினேன். முடி இறங்கியது. வகிடு இறங்கியது. பிறகு நெற்றியில், ஓரமாக ஒரு கீறலோடு, கறுப்பாக வட்டமாக அது வந்தது. நடுவில் இல்லை. இடது புருவத்தின் பக்கம் கொஞ்சம் தள்ளி இருந்தது.

வத்தேகம அம்மா அழவில்லை. சிரித்தார். “எப்பவுமே கோணல்தான். நேரா வைடின்னா கேக்கவே மாட்டா.” நான் வைத்துத் தருவதாகச் சொன்ன பொட்டை நடு நெற்றியில் அல்லவா வைத்திருப்பேன். ஐயா முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

படம் அச்சாகி வந்தபின், படியிறங்கும்போது வத்தேகம அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தி மீதியைச் சொன்னார். கலவரம் அடங்கியபின், காணாமல்போன மகளைத் தேடி அந்தப் பொட்டில்லாத படத்தை ஊரெல்லாம் காட்டியிருக்கிறார். அன்று அதே பஸ்ஸில் வந்த ஒருத்தி படத்தைப் பார்த்துவிட்டு, ஆமாம், இப்படித்தான் பொட்டில்லாமல் ஒரு புள்ள இருந்தது, கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் பஸ்ஸை மறித்து அதை இறக்கினார்கள் என்று சொல்லியிருக்கிறாள்.

“எம் மக பொட்டோடதான் போனா மிஸ். காலையில நா பார்த்தேன். அப்ப அது வேற புள்ள. பொட்டில்லாத படத்தக் காட்டினதால அந்தம்மா தப்பா சொல்லிருச்சு. அப்படித்தானே?” கேட்டுவிட்டு என் பதிலுக்காக நின்றார். நான் ஆமாம் என்றேன். அவர் இன்னும் இரண்டு படி இறங்கிவிட்டு, திரும்பாமலே சொன்னார். “இல்லாட்டி, பஸ்ஸுல ஏறயில அவளே அழிச்சிருப்பா. அழிச்சிட்டு ஏறுன்னு தெனமும் சொல்லுவேன், ஒரு நாளும் எம் பேச்சக் கேட்டதில்ல. அன்னைக்கி ஒரு நாளு கேட்டிருப்பா.”

குப்பைக் கூடையில் போட்டிருந்த குச்சியை அன்று சாயந்தரம் நானே குனிந்து எடுத்தேன்.

போன வருடம் வத்தேகமவுக்குப் போனேன். அம்மா போய்ச் சேர்ந்துவிட்ட செய்தியை அவருடைய இளைய மகன் தொலைபேசியில் சொல்லிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. நான் போனது ஒரு வெள்ளிக்கிழமை. சந்தைக்குப் பின்னால்தான் வீடு. சுவரில் இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில். அம்மாவின் படத்துக் கண்ணாடி மேல் ஈரம் காயாத சந்தனமும் குங்குமமும். மகளின் படத்துக் கண்ணாடி துடைத்துப் பளபளவென்று வெறுமையாக இருந்தது. உள்ளே, இடது புருவத்தின் பக்கம் அந்தக் கோணல் பொட்டு. மகனுக்குத் தலை நரைத்துவிட்டது. அவருடைய அக்கா மட்டும் பதினெட்டிலேயே நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா சொல்லிட்டுப் போயிட்டாங்க மிஸ், கண்ணாடி மேல வைக்கக் கூடாதுன்னு” என்றார். “அம்மாவுக்கு வச்சிட்டு வெரலு தானா பக்கத்துப் படத்துக்குப் போவுது. ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் நடுவுல நிப்பாட்டிக்கிறேன். எத்தன வருசத்துக்கு நிப்பாட்டுறது? நீங்கதானே அந்தப் பொட்ட எடுத்துக் குடுத்தீங்க, நீங்க சொல்லுங்க. இனிமே வைக்கலாமா?”

அந்த அம்மாவிடம் படிக்கட்டில் நான் சொன்ன ஆமாம் இன்னும் அந்த வீட்டுக்குள் நின்றுகொண்டிருந்தது. “அம்மா சொன்னபடியே இருக்கட்டும் தம்பி” என்றேன். அவர் தலையசைத்தார். விரலில் மீந்திருந்த குங்குமத்தைத் தன் நெற்றியில் தேய்த்துக்கொண்டு, எனக்குத் தேத்தண்ணி போடச் சொல்ல உள்ளே போனார்.

திரும்பி வரும் பஸ் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் ஏறியபோது என் கை தானாக நெற்றிக்குப் போனது. போர் முடிந்து எத்தனையோ வருடமாகிவிட்டது, கைக்கு அது தெரியவில்லை. பொட்டு இருந்தது. கையை மடியில் இறக்கி, மற்றக் கையால் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து லாச்சியைத் திறந்து டப்பாவை எடுத்துப் பார்த்தேன். அவள் நெற்றியை மறைத்திருந்த சாம்பல் அந்தப் பஞ்சில் அப்படியே இருந்தது, நடுவில் ஒட்டியிருந்த அந்தச் சின்னச் சில்லும்தான். எறிய மனம் வரவில்லை. அவளுடையது என்று இந்த உலகத்தில் எஞ்சியிருப்பதில் அதுவும் ஒன்று.