யுத்தத்துக்குப் பயந்து வந்த பெட்டிகள்

போன கிருத்திகை அன்று எனக்கும் என் அக்காவுக்கும் சண்டை. மலையேறப் போன கூட்டம் காவடியோடு நின்று வேடிக்கை பார்க்கிற அளவுக்குச் சண்டை. சொத்துக்காக இல்லை, நகைக்காக இல்லை. என் வீட்டு நடு அறைக்காக.

அந்த அறையில் மனிதர் படுத்து இரண்டு வருஷம் ஆகிறது. சென்னையில் ஜப்பான்காரன் குண்டு விழப்போகிறது என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியதே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது அக்கா குடும்பம் திருத்தணிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தது. சில மாசம் இருந்தார்கள். பயம் தெளிந்ததும் திரும்பிப் போனார்கள்.

மனிதர்கள்தான் போனார்கள். சாமான்கள் போகவில்லை. நாலு டிரங்குப் பெட்டி, துணி கிழிந்த சாய்வு நாற்காலி, கால் உடைந்த மேஜை, ஒரு கிராமபோன் குழாய் – கிராமபோன் இல்லை, குழாய் மட்டும்...

"அடுத்த கிருத்திகைக்கு வர்றப்ப எடுத்துக்கறோம்" என்றார்கள். கிருத்திகை மாசாமாசம் வருகிறது. அவர்களும் வருகிறார்கள். மலையேறி, சாமி பார்த்து, என் கையால் சாப்பிட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு ரயிலேறுகிறார்கள்.

அக்கா வீட்டுக்காரர் – எங்களுக்கு அவர் பாவா – போகும்போது என் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். "பத்திரமா பாத்துக்க, வீட்டு தஸ்தாவேஜு, வெள்ளிச் சாமானெல்லாம் அதுலதான் இருக்குது."

அவ்வளவுதான். கொழுந்தனார் கல்யாணத்துக்கு என் வீட்டுக்காரர் மட்டும் போனார், நான் பெட்டிக்குக் காவல் இருந்தேன். எலி வந்தால் நான் விரட்டவேண்டும். கறையான் வந்தால் நான் மண்ணெண்ணெய் தெளிக்கவேண்டும். இந்த நாளில் மண்ணெண்ணெய் என்ன குழாயிலா வருகிறது?

இதையெல்லாம்கூடப் பொறுத்தேன். போன மாசம் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

என் மகள் சரோஜாவுக்கு இது தலைப்பிரசவம். பள்ளிப்பட்டிலிருந்து அவளை அழைத்துவர வேண்டும். அதற்கு முன்னால் ஒரு நடை வீட்டைப் பார்த்துவிட்டுப் போக அவள் மாமியார் வந்தார். நடு அறைக் கதவைத் தள்ளினார். பெட்டி இடித்துக் கதவு பாதியில் நின்றது.

"பொண்ண எங்கங்க படுக்க வெப்பீங்க? பொட்டி மேலயா?"

நான் மோர் கொண்டுவந்து பணிவாக நீட்டினேன். என்னைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள்.

"கிருத்திகை வரைக்கும் பாக்கறோம். ரூம் காலியானா சொல்லி அனுப்புங்க. இல்லன்னா எங்க வீட்லயே பெத்துக்கட்டும்."

முதல் பிள்ளை பெற அம்மா வீட்டில் இடம் இல்லை. இதைக் கேட்டபிறகு எனக்குச் சோறு இறங்குமா?

கிருத்திகை வந்தது. அக்காவும் பாவாவும் வந்தார்கள். பாவா கையில் புதிதாக ஒரு கோணிமூட்டை.

"இன்னா பாவா இது?"

"ஒண்ணுமில்ல, ஓட்டைப் பாத்திரம். அங்க எடத்த அடைச்சிகினு இருக்குது. இங்கன்னா முருகன் காலடியில பத்திரமா கெடக்கும்."

"முருகன் மலை மேல இருக்காரு. அடிவாரத்துல இருக்கறது நானு. இன்னிக்கு எல்லாத்தையும் எடுத்துகினு போறதுன்னாத்தான் உங்களுக்கு எலை போடுவேன்."

ஆரம்பித்தது. கூடப்பிறந்தவளுக்கு ஒரு மூலை கொடுக்கமாட்டாயா என்று அக்கா அழுதாள். "மெதுவா பேசு, ஜனம் பாக்குது" என்றார் என் வீட்டுக்காரர். பார்க்கட்டுமே. முதல் பெட்டியைத் தரதரவென்று வாசலுக்கு இழுத்தேன். சாவி பட்டணத்தில் இருந்தது. அம்மிக் குழவியால் பூட்டின்மேல் ஒரே போடு.

உள்ளே என்ன இருந்தது? காலி மருந்து பாட்டில்கள். முள் இல்லாத கடிகாரம். பாதி கொசுவலை. என்றோ நடந்த பரீட்சையின் கேள்வித்தாள் ஒரு கட்டு – பாவா பள்ளிக்கூட வாத்தியார். மற்றப் பெட்டிகளிலும் இதே சரக்குதான். பாவா முகம் வெளுத்துவிட்டது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

"இதுக்கா ரெண்டு வருஷமா நான் காவல் காத்தேன்?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கொசுவலையைப் புரட்டினாள். "டிக்கெட் கெடைச்சிடுச்சின்னு இவரு ஓடியாந்தாருடி. கைக்கு வந்தத அள்ளிப் போட்டுப் பூட்டிட்டேன். தஸ்தாவேஜு அங்க பீரோலயே கெடந்துது. வெள்ளிக் குத்துவெளக்கு சமையல்கட்டுல நின்னுகினு இருந்துது. திரும்பிப் போனப்பறம்தான் தெரிஞ்சிது. இவரு கண்ணுல படாம மறைச்சி வெச்சிட்டேன்."

"அப்பவே சொல்லியிருக்கக் கூடாதாக்கா?"

"எந்த மூஞ்சிய வெச்சிகினு சொல்றது? அதான் தொறக்கவே வேணாம்னு பாத்தேன்."

சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு எனக்கு. பாவா மட்டும் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டில் குப்பை சேர்வது ஆசையால் என்கிறோம். பாதிதான் ஆசை. மீதி வெட்கம். தப்பானதைத் தூக்கிக்கொண்டு வந்தோம் என்று ஒப்புக்கொள்ள வெட்கம். எடுத்துக்கொண்டு போ என்று சொந்தக்காரன் முகத்துக்கு நேரே சொல்ல வெட்கம். இரண்டு வெட்கமும் சேர்ந்தால் கதவு எப்படித் திறக்கும்?

யுத்த காலத்தில் பழைய காகிதத்துக்கும் பாட்டிலுக்கும் கிராக்கி. பழைய சாமான் வாங்குகிற காதர் பாய் வந்து அள்ளிக்கொண்டு போனார். மேஜையும் நாற்காலியும் வெந்நீர் அடுப்புக்குப் போயின. காலிப் பெட்டிகளும் குழாயும் கோணிமூட்டையும் ரயிலடிக்குப் போக ஜட்கா வண்டியில் ஏறின. அதற்கப்புறம்தான் இலை போட்டேன். பாவா இரண்டு தரம் ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அறையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்துப் பள்ளிப்பட்டுக்குச் சொல்லி அனுப்பினேன். நேற்று, பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடுகிற பஸ் புகையைக் கக்கிக்கொண்டு வந்து நின்றது. முதலில் சம்பந்தி அம்மா இறங்கினார். இறங்கியதும் பஸ் கூரையைக் காட்டினார்.

"அந்த ரெண்டு பொட்டியையும் எறக்கச் சொல்லுங்க. எங்க வீட்ல வெக்க எடமே இல்லீங்க. உங்க ரூம்தான் இப்ப காலியா இருக்குதாமே."

நான் பெண்ணை மட்டும் இறக்கிக்கொண்டேன்.

சம்பந்தி அம்மாவுக்கு என் மேல் கோபம்தான். இருக்கட்டும். சரோஜா நடு அறையில் கையைக் காலை நீட்டிப் படுத்திருக்கிறாள்.