பீப்பாய்க்குள் விழுந்த பெத்தியா

என் சித்தி மகள் பெத்தியா ஐந்தடிக்கு இரண்டு அங்குலம் குறைவு. மீன் பீப்பாய் அவள் மார்புவரை வரும். அந்த உயரத்தை வைத்துக்கொண்டு, பீப்பாய் அடுக்குகிற வேலைக்குத்தான் வருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். கத்தி என்றால் அவளுக்கு அவ்வளவு பயம்.

எங்கள் வேலையில் மூன்று பெண்கள் ஒரு குழு. இரண்டு பேர் ஹெர்ரிங் மீனின் குடலை எடுத்துப் போடப் போட, மூன்றாமவள் உப்புத் தூவி அடுக்குவாள். கோடையில் வடகோடித் தீவான ஷெட்லாந்தில் தொடங்கி, மீனைத் துரத்திக்கொண்டே கரையோரமாகத் தெற்கே இறங்கி, அக்டோபரில் யார்மத் துறைமுகத்துக்கு வந்து சேர்வோம். மகாராணி பட்டத்துக்கு வந்து ஐம்பது ஆண்டு ஆனதைக் கொண்டாடினார்களே, அந்த வருடம் யார்மத்துக்கு எங்களோடு வரவேண்டியவள் கல்யாணம் செய்துகொண்டு ஊரிலேயே தங்கிவிட்டாள். முதலாளி மில்ன் அவளுக்குப் பதிலாக லூயிஸ் தீவுக்காரி ஒருத்தியை அனுப்பினார். பெயர் மோராக். ஆறடிக்கு ஓர் அங்குலம்தான் குறைவு. கறுத்த முடி, பெரிய கைகள். எங்கள் பேச்சு அவளுக்குப் பாதி புரியும். அவளுடைய கேலிக் பாஷை எங்களுக்குச் சுத்தமாகப் புரியாது.

முதல் நாளே நடந்துவிட்டது. அடி வரிசை அடுக்கும்போது பீப்பாய்க்குள் நன்றாகக் குனிய வேண்டும். பெத்தியா குனிந்தாள். இன்னும் கொஞ்சம் குனிந்தாள். அப்புறம் ஆளையே காணோம், இரண்டு பூட்ஸ் மட்டும் மேலே உதைத்துக்கொண்டிருந்தன. நான் கத்தியைக் கீழே வைப்பதற்குள் மோராக் போய், இரண்டு கணுக்காலையும் பிடித்து, ஒரே இழுப்பில் வெளியே எடுத்து நிமிர்த்தி நிறுத்தினாள். பெத்தியாவின் மூக்கெல்லாம் உப்பு. கன்னத்தில் ஒட்டியிருந்த செதிலை, கத்தி படாமலிருக்கத் துணி சுற்றிய விரலால் எடுத்துவிட்டு, மோராக் மெதுவாக, "மேடல்," என்றாள்.

பெத்தியாவுக்குச் சிரிப்பு வந்தது. அதைப் பார்த்து மோராக்குக்கும் வந்தது. ஒருத்தி அடக்கினால் மற்றவள் ஆரம்பிப்பாள். மேஸ்திரி வந்து அதட்டுகிறவரை அது ஓயவில்லை.

"மேடல்னா மடச்சின்னு அர்த்தமா இருக்கும் அக்கா," என்று பெத்தியா என்னிடம் சொன்னாள். திட்டு வாங்கியவள் முகமாக அது இல்லை.

அந்த வாரம் அவள் இன்னும் நான்கு முறை விழுந்தாள். ஒரு தடவை விழுந்தால் பரிதாபப்படலாம். ஐந்தாவது தடவை விழுவதற்கு முன் மோராக் பக்கத்தில் இருக்கிறாளா என்று அவள் திரும்பிப் பார்த்ததை நானே பார்த்தேன். ஒவ்வொரு முறையும் இழுப்பு, செதில், "மேடல்", சிரிப்பு. மாலையில் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு, கையில் பின்னல் ஊசியோடு துறைமுகச் சுவர் ஓரமாக நடப்பார்கள். பெத்தியா மோராக்குக்கு ஒரு காலுறை பின்னினாள். பேச்சு சுவாரஸ்யத்தில் குதிகாலுக்காகப் பின்னலைத் திருப்ப மறந்து அது முழங்கால் தாண்டி வளர்ந்துகொண்டே போனது. பாஷை தெரியாமல் அப்படி என்னதான் பேசினார்களோ. தங்கியிருந்த அறையில் மூவருக்கும் ஒரே கட்டில், நடுவில் நான். எனக்குச் சுவர் ஓரம் இருந்தால் இடுப்பு வலிக்காது என்று மூன்றாம் நாளே நானாகச் சொல்லி இடம் மாறிக்கொண்டேன்.

குழப்பம் ஆலெக் ரெய்டால் வந்தது. பாவம், அவன் மேல் தப்பில்லை. எங்கள் மில்னிடம் பீப்பாய் செய்கிறவன் அவன். ஒருநாள் அவன் உருட்டி வந்த பீப்பாய் ஒழுகி, உப்புநீர் பெத்தியாவின் காலை நனைத்தது. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஏன்டா மேடல், இதைப் பீப்பாய்னு சொல்லி என் தலையில கட்டறியா?" என்றாள்.

எதற்கும் வாய்க்கு வாய் பதில் சொல்கிறவன் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு அப்படியே நின்றான். வார்த்தை இப்படி வேலை செய்கிறதே என்று பெத்தியாவுக்கு ஏகக் குஷி. மறுநாளிலிருந்து "வா மேடல்", "மேடல், மூடி எங்கடா?" என்று மீன் வேலை நடக்கும் முற்றம் முழுக்கக் கேட்க அழைத்தாள். மற்றக் குழுக்களில் இருந்த தீவுப் பெண்கள் சால்வையை வாயில் கடித்துக்கொண்டு குலுங்கினார்கள். ஏன் என்று ஒருத்தியும் சொல்லவில்லை.

மோராக் மட்டும் சிரிக்கவில்லை. பெத்தியா விழுந்தால் தூக்கி நிறுத்துவாள், அவ்வளவுதான். செதிலும் இல்லை, சொல்லும் இல்லை. இரண்டு நாளில் உடைந்த பலகைகளை ஆணி அடித்து ஒரு முக்காலி செய்து, பீப்பாய் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். இனி விழவே மாட்டாளே என்று நான் சந்தோஷப்பட்டேன். பெத்தியா அந்த முக்காலியைப் பார்த்துவிட்டு உப்புக் கிடங்கின் பின்னால் போய் அழுதாள். நான் கனக்கிறேன் போலிருக்கிறது, தூக்கித் தூக்கி அலுத்துவிட்டது போலிருக்கிறது என்று விக்கி விக்கிச் சொன்னாள்.

சனிக்கிழமை மதியம் வேலை முடிந்ததும் ஆலெக் எங்கள் தங்குமிடத்துக்கு வந்தான். வெள்ளைக் காலர், படிய வாரிய தலை, கையில் பெப்பர்மின்ட் மிட்டாய்ப் பொட்டலம். வீட்டுக்காரம்மாள் கூடத்தில் அரசியின் படத்துக்குக் கீழே நின்று, தன்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று பெத்தியாவைக் கேட்டான்.

பெத்தியா என்னைப் பார்த்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள். "உனக்கு என்னப்பா ஆச்சு?"

"நீதானே என்னை ஊர் கேக்க மேடல் மேடல்னு கூப்பிட்டே?"

"ஆமா, திட்டினேன்."

"திட்டா?" ஆலெக்கின் முகம் மாறியது. "எங்கம்மா ஸ்கை தீவுக்காரி, கேலிக் பேசுறவ. என்னை மடியில போட்டுத் தட்டும்போது சொல்ற வார்த்தை அது. 'என் தங்கமே'ன்னு அர்த்தம்."

பெத்தியாவின் உதடுகள் அசைந்தன. எத்தனை தடவை விழுந்தோம் என்று எண்ணுகிறாள் என்பது எனக்குப் புரிந்தது. காதிலிருந்து கழுத்துவரை சிவந்தாள். அப்புறம் தொப்பிகூடப் போடாமல் ஓடினாள். பின்னால் நான், எனக்குப் பின்னால் மிட்டாயோடு ஆலெக்.

மீன் முற்றத்தில் மோராக் தனியாக மீன் கொட்டும் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். பெத்தியா அந்த முக்காலியை இழுத்து அவள் முன்னால் போட்டு ஏறி நின்றாள். அப்போதுதான் இருவர் முகமும் நேருக்கு நேர் வந்தது.

"மேடல்," என்றாள் பெத்தியா. மூச்சு வாங்கியது. "அர்த்தம் தெரிஞ்சு சொல்றேன்டி. இப்பத்தான் தெரிஞ்சது."

மோராக் கையில் துடைப்பத்தோடு நின்றாள். "நீ... அவனை இல்லையா?"

"அவனைத் திட்டினேன்டி. வாரம் பூரா திட்டினேன்."

மோராக் துடைப்பத்தைக் கீழே போட்டாள். முக்காலியிலிருந்து பெத்தியாவை அப்படியே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள், இன்னொரு சுற்று, இன்னொன்று. இறக்கிவிட்டபோது இருவருக்குமே தலை சுற்றி, ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அங்கே உட்கார்ந்தபடியே முத்தமிட்டுக்கொண்டார்கள். நான் திரும்பி ஆலெக்கைப் பார்த்தேன். அவனுக்கும் தலை சுற்றுவதுபோல்தான் இருந்தது. பொட்டலத்தை என்ன செய்வது என்று கேட்டான். வீணாக்க வேண்டாம், கொடு என்று நான் வாங்கிக்கொண்டேன். பாதியை அவனுக்கும் கொடுத்தேன். இரண்டு வருடம் கழித்து அவனை நான்தான் கட்டிக்கொண்டேன் என்பது தனிக் கதை.

நவம்பர் கடைசியில் ரயில் ஏறினோம். மோராக் தன் தீவுக்குப் போகவில்லை. ஊரில் சித்தி வாசலில் நின்று அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவ யாருடி? எவ்வளவு நாளைக்கு?"

"மோராக்மா. எப்பவும் இருக்கப் போறா," என்றாள் பெத்தியா.

சித்தி அதிகம் பேசுகிறவள் இல்லை. மகளின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் மறைக்க எதுவும் இல்லை. ஓட்டு வேலை தெரியுமா, பின்கட்டு அறை ஒழுகுகிறது என்று மட்டும் மோராக்கைக் கேட்டாள். அந்த அறையைத்தான் அவர்களுக்குக் கொடுத்தாள்.

புத்தாண்டில் வீட்டுக்குள் முதலில் கால் வைப்பவர் உயரமாக, கறுத்த முடியோடு இருந்தால் வருடம் நன்றாக இருக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஆண்தான் வர வேண்டும், பெண் வந்தால் ஆகாது என்பார்கள். அந்த வருடம் சித்தி வேண்டுமென்றே மோராக்கை வெளியே அனுப்பி, வழக்கப்படி கையில் நிலக்கரித் துண்டோடு உள்ளே வரச் சொன்னாள். அந்தக் குளிர்காலம் சித்தப்பாவின் படகு வலை கிழிய மீன் கொண்டுவந்தது.

அடுத்த புத்தாண்டுக் காலையில் எங்கள் தெருவில் பதினோரு வீட்டுக் கதவுகள் அவளுக்காகக் காத்திருந்தன. பனியில் மோராக் நீள நீளமாக அடி வைத்துப் போனாள். நிலக்கரிக் கூடையைத் தூக்கிக்கொண்டு பெத்தியா பின்னால் ஓடினாள். "மெதுவாப் போடி, ஏழாவது வீட்டுல கேக் தராங்க," என்று அவள் கத்தியது எங்கள் அடுக்களை வரை கேட்டது.