தூசி என்று எழுதிய புள்ளி

எழுபதுகளின் கடைசியில் திருச்சியில் ஒரு கல்லூரியில் நானும் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு மேடமும் இயற்பியல் ஆசிரியர்களாக இருந்தோம். எங்கள் பேராசிரியர் வெளிநாட்டிலிருந்து வானத்தின் பிலிம்களை வரவழைத்திருந்தார். ஒவ்வொரு பகுதிக்கும் சிவப்பு ஒளியில் எடுத்தது ஒன்று, நீல ஒளியில் எடுத்தது ஒன்று. சிவப்புப் பிலிமில் தெரிந்து நீலத்தில் காணாமல் போகும் புள்ளி, குவாசராக, அதாவது வெகு தொலைவிலுள்ள ஒரு விண்மீன் மண்டலத்தின் பிரகாசமான மையமாக இருக்கலாம். பிரபஞ்சத்தின் சின்ன வயதில் கிளம்பிய வெளிச்சம் அது. பெரும்பாலும் தூசியாகத்தான் இருக்கும்.

டியூப்லைட் பொருத்திய கண்ணாடி மேஜையில் பூதக்கண்ணாடியோடு கட்டம் கட்டமாகத் தேடுவோம். ஒருவர் பார்த்ததை மற்றவர் மறுபடி பார்த்து நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.

மேடம் இரண்டு பிடித்தார். பெரிய தொலைநோக்கியில் சோதித்து, இரண்டும் குவாசர்தான் என்று கடிதம் வந்தது. அதில் ஒன்று நான் "தூசி" என்று தள்ளியது. ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். வயிறு எரிந்தது.

"உங்க தூசியெல்லாம் எனக்கே குடுத்துடுங்கோ சார்" என்று மேடத்தின் கேலி வேறு.

வைகுண்ட ஏகாதசி வந்தது. "ஆத்துல ஏகப்பட்ட விருந்தாளி. வந்து பார்த்துக்கறேன்" என்று லீவில் போனார். அந்த வாரம் என் கட்டத்தில், சிவப்புப் பிலிமில் மட்டும் ஒரு புள்ளி. ஊதினேன், துடைத்தேன், போகவில்லை. அது குவாசர்தான் என்று எனக்கு நம்பிக்கையும் இல்லை, அவர் கண்ணில் படவிடவும் மனமில்லை. "தூசி" என்று எழுதி, பக்கத்தில் அவர் கையெழுத்தையும் நானே போட்டேன். திரும்பி வந்தவர், கையெழுத்து இல்லாத வரிகளை மட்டும் பார்த்துவிட்டு நோட்டை மூடினார்.

எண்பதுகளின் பிற்பகுதியில் வானத்தில் அந்தப் புள்ளி இருந்த அதே இடத்தில் ஒரு குவாசர் கண்டுபிடித்திருப்பதாக ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்திருந்தது. அதுவரை தெரிந்தவற்றிலேயே மிகத் தொலைவானவற்றில் ஒன்று. நான் லேபுக்குள் போனபோது மேடம் பழைய நோட்டில் அந்த வரியின் மேல் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன்.

"என் கையெழுத்து இருக்கு சார். ஏகாதசிக்கு வந்தவாளையெல்லாம் நினைச்சுண்டே சரியாப் பார்க்காம போட்டிருக்கேன். உங்களுக்குக் கிடைக்க வேண்டிய பேரைக் கெடுத்துட்டேனே" என்று அழுதார்.

"போகட்டும், விடுங்க மேடம்" என்றேன்.

"உங்களுக்குப் பெரிய மனசு சார்."

அன்றைக்கும் அவர் மேல் எனக்குப் பொறாமைதான் வந்தது. செய்யாத தப்புக்கு அவரால் அழ முடிந்தது.