பிலோமிக்குக் கொண்டுபோன ஆரஞ்சு

என் மூத்த பேத்தி ஷைனி துபாயில் நர்ஸ். அவள் தம்பி அஜின் கப்பலில் எஞ்சினியர். சின்னவன் ஜெபின் திருவனந்தபுரத்தில் வெப்சைட் செய்கிறான், நேற்று முதல் அவன் பேர் உலகத்துக்கே தெரியும்.

இதையெல்லாம் யாரிடம் சொன்னால் எனக்குத் திருப்தியோ, அவள் இன்று விடியற்காலையில் போய்விட்டாள். நெஞ்சடைப்பு...

எதிர்வீட்டு பிலோமி. என்னோடு ஐந்தாம் வகுப்பில் படிப்பை நிறுத்தினவள். கருங்கல் ஊர்ப் பக்கத்து அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், என் பக்கத்தில் இருந்து பருப்புக்குத் தோல் உரித்தவள்.

அப்போதே அவள் கை வேகம். சாயங்காலம் கூலிக்கு எடை போடுவதற்கு முன்னால், தன் தட்டிலிருந்து ஒரு பிடி எடுத்து, மெதுவாக உரிக்கிற பிள்ளைகளின் தட்டில் போடுவாள்.

போட்ட பிறகும் என்னைவிட அவளுக்குத்தான் எடை கூடும். எனக்கு அதுதான் பொறுக்காது.

ஒருநாள் காய்ச்சலோடு வேலைக்குப் போனேன். என் தட்டிலும் ஒரு பிடி விழுந்தது. அப்படியே அள்ளி அவள் தட்டிலேயே திருப்பிக் கொட்டினேன்.

"எனக்க கைக்கு ஒண்ணும் ஆகல்ல" என்றேன்.

"வாய்க்கும் ஒண்ணும் ஆகல்ல" என்றாள். ஆபீஸே சிரித்தது.

பிறகு பிள்ளைகளை வைத்துப் போட்டி. அப்புறம் பேரப்பிள்ளைகளை வைத்து. ஷைனி விமானம் ஏறிய வருஷம்தான் பிலோமியின் பேத்தி ஸ்டெஃபிக்கு பெங்களூரில் பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை கிடைத்தது. வெப்சைட் செய்கிறவர்களுக்கு வேண்டிய டூல்ஸ் எல்லாம் செய்து விற்கிற கம்பெனி.

அதாவது என் பேரன் தோல் உரிக்கிறவன் என்றால், அவள் பேத்தி கத்தி செய்கிறவள். பிலோமி இதை எனக்கு ஞாபகப்படுத்தாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

அப்படி இருக்கும்போது ஒருமுறை லீவுக்கு வந்த ஜெபின் சொன்னான். "அம்மச்சி, ஸ்டெஃபிக்க கம்பெனி அந்த டூல்ஸ ஓப்பன் சோர்ஸ் ஆக்கிட்டு. உள்ள எழுதின புரோகிராம் வரைக்கும் எல்லாம் ஃப்ரீ. ஆரு வேணும்னாலும் எடுத்து மாத்தி எழுதலாம்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

எனக்கு உடனே விஷயம் பிடிபட்டது. எங்கள் அண்டி ஆபீஸை மூடிய அன்றும் முதலாளி இப்படித்தான், மிச்சம் கிடந்த உடைசல் பருப்பை எல்லாருக்கும் சும்மா அள்ளிக் கொடுத்தார். மறுநாள் கேட்டில் பூட்டு.

ஆக ஸ்டெஃபிக்கு வேலை போய்விட்டது. சங்கடமாகத்தான் இருந்தது. ரொம்ப இல்லை.

ஜங்ஷனில் ஆரஞ்சு வாங்கினேன். வெளிறின சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு, ஜெபினிடம் காரணம் சொல்லாமல் அவனையும் கூட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனேன்.

"விட்டுத் தள்ளு பிலோமி. கெட்டிக்காரியாக்கும் அவ. வேற எடத்துல கெடைக்கும்."

"ஏட்டி, என்னத்தச் சொல்லுத? ஆருக்கு?"

"ஸ்டெஃபிக்கு. கம்பெனி பூட்டியாச்சுல்லா. சும்மா அள்ளிக் குடுக்கானாமே, நம்ம மொதலாளி மாதிரி."

நான் நீட்டிய ஆரஞ்சை வாங்கி மடியில் வைத்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள்... கட்டிலிலேயே சாய்ந்துவிட்டாள். ஜெபின் வெளியே ஓடிவிட்டான்.

"பூட்டவும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாலு பேரு எடுத்துப் பழகட்டும்னு குடுத்திருக்காவ. குத்தம் கெடந்தா எடுத்தவியளே கண்டு சொல்லுவாவளாம். ஸ்டெஃபிக்கு இப்பம் வேலை கூடியிருக்கு. ஒனக்க ஜெபினும் எடுத்துக்கிடட்டும், கேட்டியா?"

சொல்லிவிட்டு, நான் கொண்டுபோன ஆரஞ்சையே உரித்துத் தின்றாள். எனக்கும் இரண்டு சுளை தந்தாள்.

எடுத்துக்கிடட்டுமாம்... மறுபடியும் அந்த ஒரு பிடி.

வீட்டுக்கு வந்ததும் ஜெபினிடம் கண்டிப்பாகச் சொன்னேன். "அவளுக்க பேத்தி போட்டத நீ தொடப்பிடாது மக்களே."

"நான் வந்த அன்னைக்கே எடுத்தாச்சு அம்மச்சி" என்றான் அவன். எத்தனையோ மாதம் அந்த எரிச்சல் எனக்கு அடங்கவில்லை.

நேற்று ஜெபின் போன் பண்ணினான். அந்த டூல்ஸில் ஒரு பிழையைக் கண்டுபிடித்து, அவனே சரிசெய்து அனுப்பியிருக்கிறான். கம்பெனி அதைச் சேர்த்துக்கொண்டது. சோதித்துப் பார்த்துச் சரி சொன்னது ஸ்டெஃபியாம். செய்தவன் பேர் அதிலேயே நிற்குமாம்.

"அவளுக்க பேரு கெடக்குத எடத்துலயா?"

"அதே எடந்தான் அம்மச்சி."

உடனே ரோட்டைத் தாண்டிப் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஞாயிறு பூசை முடிந்து, கோயில் முற்றத்தில் நாலு பேர் நிற்கும்போது சொன்னால்தான் அவள் முகத்தைப் பார்க்க நன்றாயிருக்கும் என்று வைத்திருந்தேன்.

இன்று சனிக்கிழமை. ஒருநாள் பொறுக்க முடியவில்லை அவளுக்கு.

ரோடு வரைக்கும் ஆட்கள் நிற்கிறார்கள். அண்டி ஆபீஸில் அவளிடம் பிடி வாங்கினவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள், களியக்காவிளையிலிருந்துகூட. எனக்கு இத்தனை பேர் வருவார்களா...

ஸ்டெஃபி மக்களே, நீ பெங்களூரிலிருந்து வருகிற வழியிலேயே, நான் இதை எழுதுகிற இந்த அஞ்சலிப் பக்கத்தில் போட்டிருக்கிற படம் அவளுடைய பழைய பென்ஷன் புத்தகப் படம். அது யாருடைய முகமோ மாதிரி இருக்கிறது. எடுத்துவிட்டுப் புதுப் படம் போடு.

ஆரஞ்சு கொண்டுபோன அன்று ஜெபின் வெளியே நின்று ஜன்னல் வழியாகப் போனில் எடுத்தது ஒன்று இருக்கிறது. யாருக்கும் காட்டக் கூடாது என்று நான்தான் தடுத்து வைத்திருந்தேன். கையில் சுளையோடு பல்லெல்லாம் தெரிய அவள் சிரிக்கிறாள். பக்கத்தில் என் முகம் உம்மென்று இருக்கிறது.

போயிட்டு வா பிலோமி. எனக்க ஜெபினுக்க பேரும் அதுல கெடக்கு, கேட்டியா.

படத்தில் என்னை வெட்ட வேண்டாம் மக்களே. அப்படியே போடு.