கணக்கில் விட்ட பிள்ளை

லோமே சந்தையில் அரிசி மாவை ஆவியில் வேகவைத்து அப்லோ விற்கும் கோக்கோ பெற்றது இரண்டு. யாராவது கேட்டால் ஒன்று என்பாள். பெண் ஸேனாம் அவளோடு இருக்கிறாள். பையன் எலோமைப் பால்குடி மறந்ததுமே பிள்ளையில்லாத அக்கா தேதேவுக்குக் கொடுத்துவிட்டாள். கொடுத்த பிள்ளையைத் தன் பிள்ளை என்று பெற்றவள் வாய்தவறியும் சொல்லக் கூடாது. சொன்னால் திருப்பிக் கேட்கிறாள் என்று அர்த்தம். எலோம் அவளைச் சித்தி என்பான். காலையில் கிண்ணத்தோடு வருவான். ஒரு அப்லோ கூடுதலாகவே விழும்.

அக்டோபர் வந்தால் ஊரே கணினிக் கடை வாசலில்தான். அமெரிக்க விசாக் குலுக்கல். குடும்ப விவரத்தைப் பதிந்துவிட்டால் போதும், கோடிக்கணக்கான பேரில் கொஞ்சம் பேரை இயந்திரம் பொறுக்கிப் போடும்.

"எத்தனை புள்ளைங்கக்கா?" என்றான் கடைக்காரன்.

"ஒண்ணு."

மே மாதம் அவள் பெயர் விழுந்தது. புருஷன் கொம்லான் தெருவுக்கே சாராயம் ஊற்றினான். பெயர் விழுந்தது பாதிக் கிணறுதான் என்று அந்தக் குடிகாரர்களில் ஒருவனும் சொல்லவில்லை.

விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையில், "எத்தனை பிரசவம்?" என்றார் டாக்டர். டாக்டரிடம் யார் பொய் சொல்வார்கள்? இரண்டு என்றாள். அது தூதரகத்துக்குப் போகும் தாளில் ஏறியது.

கேள்விப்பட்ட கடைக்காரன் தலையில் கை வைத்தான். "உசுரோட இருக்கற புள்ளை கூட வராட்டியும் பதியணும்கா. ஒண்ணை மறைச்சாலும் மொத்தமும் தள்ளுபடி."

தூதரக வாசலில் கொம்லான் அவள் கையை இறுக்கிப் பிடித்தான். "செத்துப்போச்சுன்னு சொல்லிடு. ஒரே ஒரு வார்த்தை. ஸேனாமை நெனச்சுக்கோடி."

ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் சொன்னார்: "ரெண்டாவது குழந்தை எங்கம்மா?"

அன்று காலையிலும் எலோம் கிண்ணத்தோடு வந்திருந்தான். அவன் செத்துப்போனான் என்று எந்த வாயால் சொல்வாள்?

"இருக்கான். என் பையன்தான். அக்கா வீட்ல வளர்றான்."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. விசா மூன்று பேருக்குமே இல்லை என்றாகிவிட்டது. கொம்லான் குடித்துவிட்டுச் சந்தை முழுக்கக் கத்தினான். கத்தியதில் தேதேவின் காதில் விழுந்தது ஒரே சொல்தான். நேரே தங்கையின் அடுப்படிக்கு வந்து நின்றாள்.

"அவன் உன் பையனாமே? வெள்ளைக்காரன் முன்னாடி சொன்னியாமே?"

"அக்கா, அவன் செத்துட்டான்னு சொல்லச் சொன்னாங்க..."

"நீ சொன்னியா, இல்லையா?"

"சொன்னேன்."

தேதே வந்த வழியே திரும்பி நடந்தாள்.

எலோம் இப்போதும் காலையில் கிண்ணத்தோடு வருகிறான். கோக்கோவின் அடுப்பைத் தாண்டி, எதிர்ச்சாரிக் கடையில் வாங்கிக்கொண்டு போகிறான். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று அவன் அம்மா சொல்லியிருக்கிறாள்.